துணி வெளுத்த வரலாறு

தறியிலிருந்து இறங்கும்போது எந்தத் துணியும் தூய வெள்ளையாக இருப்பதில்லை. பருத்தித் துணி மங்கலான மஞ்சள் நிறத்தில் இருக்கும். அதைத்தான் காடாத் துணி என்கிறோம். ஆளிச் செடியின் நாரிலிருந்து நெய்யப்படும் லினன் துணியோ பழுப்பாகவே இருக்கும். இழையோடு பிறந்த இந்த நிறத்தை நீக்கினால்தான் வெள்ளை வேட்டி கிடைக்கும். சாயமும் சீராகப் பிடிக்கும். இழைக்குக் கேடு வராமல் நிறத்தை மட்டும் நீக்குவது எப்படி?

இந்தக் கேள்வி 18-ஆம் நூற்றாண்டில் பலரை ஈர்த்தது. அவர்களில் ஒருவர் மருத்துவர். ஒருவர் மருந்துக் கடையில் வேலை பார்த்தவர். ஒருவர் நீராவி எந்திரம் அமைத்த பொறியியலார். உற்றுநோக்கல், ஊகம், சோதனை, முடிவு என்று விஞ்ஞான முறையின் படிகளைப் பாடநூலில் படிக்கிறோம். அந்தப் படிகளில் மனிதர்கள் உண்மையில் எவ்வாறு ஏறினார்கள், எங்கே இடறினார்கள் என்பதைத் துணி வெளுத்த வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

புல்வெளியில் எட்டு மாதம்

அக்காலத்தில் ஐரோப்பாவில் துணி வெளுப்பதில் பெயர் பெற்றவர்கள் ஹாலந்து நாட்டினர். ஹார்லெம் நகரைச் சூழ்ந்த புல்வெளிகளில் பிற நாட்டுத் துணிகளும் வந்து குவிந்தன. ஸ்காட்லாந்தில் நெய்த லினன் துணி கடல் கடந்து ஹாலந்துக்குச் சென்று, வெளுத்துத் திரும்பியதும் உண்டு.

வேலை இவ்வாறு நடந்தது. மரச் சாம்பலைக் கரைத்த காரநீரில் முதலில் துணியை ஊறவைப்பார்கள். பிறகு அலசிப் புல்தரையில் விரித்து, ஈரம் காயாமல் நீர் தெளித்துக்கொண்டே வெயிலில் பல நாள் போட்டு வைப்பார்கள். மறுபடியும் காரநீர், மறுபடியும் புல்தரை. இப்படிப் பல முறை ஆனபின் புளித்த மோரில் வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். மீண்டும் அலசல், மீண்டும் வெயில். லினன் துணி முழுதும் வெளுத்து முடிய ஆறு முதல் எட்டு மாதம் ஆகும். வெயில் குறைந்த குளிர் மாதங்களில் வேலையே நடவாது.

நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண் கரைசலில் துணியைத் தோய்த்து, வெள்ளாவியில் வைத்து, ஆற்றங்கரையில் வெயிலில் உலர்த்தியதும் ஏறத்தாழ இதே முறைதான். உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட் என்னும் காரம். சாம்பலில் இருப்பது அதன் உறவினமான பொட்டாசியம் கார்பனேட். காரம் மெழுகையும் அழுக்கையும் கரைக்கிறது. ஒளியும் ஈரமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து நிறத்தைச் சிதைக்கின்றன. மோரிலுள்ள அமிலம் துணியில் எஞ்சிய காரத்தையும் சுண்ணாம்புப் படிவையும் அகற்றுகிறது. முறை சரியானதே. ஆனால் ஏன் சரியானது என்று வெளுத்தவர்களுக்குத் தெரியாது. கைப்பழக்கமே அவர்களுக்கு வழிகாட்டி.

மாதக்கணக்கில் புல்வெளியில் கிடக்கும் துணி என்பது, முடங்கிக் கிடக்கும் மூலதனம். பயிர் விளைய வேண்டிய நிலமும் அதற்காக ஒதுக்கப்பட்டது. திருட்டுக்கும் இடம் இருந்தது. வெளுக்கும் களத்திலிருந்து துணி திருடினால் மரண தண்டனை என்று 18-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் சட்டமே இருந்தது. 1811-இல்தான் அந்தத் தண்டனை நீக்கப்பட்டது. ஒரு முழத் துணிக்கு ஓர் உயிர் ஈடாக இருந்த காலம் அது!

மருத்துவர் கையில் எடுத்த தொழில்

எடின்பரோ நகரில் ஃபிரான்சிஸ் ஹோம் என்ற மருத்துவர் இருந்தார். ஸ்காட்லாந்தின் லினன் தொழிலை வளர்க்க அரசு அமைத்திருந்த குழு, வெளுக்கும் கலையை ஆராயுமாறு அவரை ஊக்குவித்தது. 1756-இல் அவர் 'வெளுத்தல் பற்றிய சோதனைகள்' என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார்.

ஹோம் கேட்டது எளிய கேள்வி. புளித்த மோர் ஏன் உதவுகிறது? அது பால் என்பதாலா, அமிலம் என்பதாலா? அமிலம் என்பதால்தான் என்றால், வேறோர் அமிலமும் அதே வேலையைச் செய்ய வேண்டும் அல்லவா? இது வெறும் கேள்வி அன்று. சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம். பொய்யாக இருந்தால் துணியே பொய் என்று காட்டிவிடும்.

மோருக்குப் பதிலாக, மிகுதியாக நீர் கலந்த கந்தக அமிலத்தை அவர் பயன்படுத்தினார். மோரில் வாரக்கணக்கில் நடந்த வேலை 24 மணி நேரத்துக்குள் முடிந்தது. பெரும்பாலும் 12 மணி நேரமே போதுமாக இருந்தது. கந்தக அமிலம் துணியை அரித்துவிடும் என்ற அச்சம் தொழிலாளரிடையே இருந்தது. செறிந்த அமிலம் அரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் தக்க அளவு நீர் கலந்து, பிறகு நன்றாக அலசினால் கேடு இல்லை என்று அனுபவம் காட்டியது. 'அமிலம் நல்லதா, கெட்டதா?' என்ற கேள்வி, 'எவ்வளவு அமிலம்?' என்ற கேள்வியாக மாறியது. விஞ்ஞானம் ஒரு தொழிலுக்குள் நுழையும் வாசல் பெரும்பாலும் இந்த 'எவ்வளவு' என்னும் சொல்தான்.

காலமும் துணை செய்தது. ஜான் ரோபக் என்பவர் 1746-இல் பர்மிங்ஹாமிலும், 1749-இல் ஸ்காட்லாந்தின் பிரஸ்டன்பான்ஸ் ஊரிலும் ஈயத் தகடு வேய்ந்த அறைகளில் கந்தக அமிலம் தயாரிக்கத் தொடங்கியிருந்தார். அமிலத்தின் விலை இறங்கியிருந்தது. எனவே ஹோமின் முறை எளிதில் பரவியது. எட்டு மாத வேலை ஏறத்தாழ நான்கு மாத வேலையாகக் குறைந்தது.

நிறம் போனது, திரும்பவில்லை

வரலாற்றின் அடுத்த படி ஸ்வீடன் நாட்டில் நிகழ்ந்தது. கார்ல் வில்ஹெல்ம் ஷீலே மருந்துக் கடையில் பணிபுரிந்தவர். ஓய்வு நேரமெல்லாம் வேதியியல் ஆய்வில் கழித்தவர். 1774-இல் அவர் மாங்கனீசுக் கனிமம் ஒன்றை ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் சேர்த்துச் சூடாக்கினார். மூச்சை முட்டும் நெடியுடன் பசுமை கலந்த மஞ்சள் வாயு ஒன்று வெளிப்பட்டது. இன்று நாம் குளோரின் என்று அழைக்கும் வாயு அது.

அந்த வாயு பட்ட லிட்மஸ் தாள் வெளுத்தது. பூக்களும் பச்சை இலைகளும் நிறம் இழந்தன. இங்கே ஷீலே ஒரு நுட்பமான வேலை செய்தார். லிட்மஸ் அமிலத்தில் சிவக்கும். காரம் சேர்த்தால் மீண்டும் நீலமாகும். இந்த வாயுவும் ஓர் அமிலத்தைப் போலத்தான் நிறத்தை மாற்றியதா? அப்படியானால் காரம் சேர்த்ததும் பழைய நிறம் திரும்ப வேண்டும். அவர் காரம் சேர்த்துப் பார்த்தார், அமிலமும் சேர்த்துப் பார்த்தார். நிறம் திரும்பவே இல்லை. ஆகவே இது நிறம் மாறுவது அன்று, நிறப்பொருளே சிதைவது என்று தெளிவாயிற்று. ஓர் ஊகத்தைத் தள்ளுவதும் ஒரு கண்டுபிடிப்பே என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

ஷீலே இதைத் துணிக்குப் பயன்படுத்த முனையவில்லை. அதைச் செய்தவர் ஃபிரான்சு நாட்டு வேதியியலார் கிளாட் லூயி பெர்தொலே. 1785-இல் அவர் இந்த வாயுவை நீரில் கரைத்து ஆராய்ந்தார்; அந்நீரில் துணி வெளுப்பதைக் காட்டினார். தம் முறையைக் காப்புரிமைக்குள் பூட்டிவைக்காமல், கேட்டவர்க்கெல்லாம் விளக்கினார். 1786-ஆம் ஆண்டின் இறுதியில் பாரிஸ் நகருக்கு வந்த ஜேம்ஸ் வாட் அதைக் கண்டார். அவருடைய மாமனார் கிளாஸ்கோ நகரில் துணி வெளுக்கும் தொழில் நடத்தியவர்! செய்தி உடனே ஸ்காட்லாந்துக்குப் போயிற்று. மாதங்களில் நடந்த வேலை சில நாள்களில், சில வேளை சில மணி நேரத்தில் முடிய வழி பிறந்தது. வெயிலுக்கும் புல்வெளிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

நீலம் காட்டிய அளவு

புதிய முறையில் ஒரு சிக்கல் இருந்தது. குளோரின் நீரின் வலிமை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக இருந்தது. வலிமை குறைந்தால் துணி வெளுக்காது. கூடினால் இழை நைந்துவிடும். கண்ணால் பார்த்து இதை அறிய முடியாது. தொழிலாளி முகர்ந்து பார்த்தால் அவர் நுரையீரல் கெடும்.

ரூவான் நகரைச் சேர்ந்த தெக்ரோய்சில் என்பவர் இதற்கு ஓர் அளவுமுறை கண்டார். அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலச் சாயத்தைக் கந்தக அமிலத்தில் கரைத்து, குறிப்பிட்ட அளவு எடுத்துக்கொள்வார். அளவுக் கோடுகள் இட்ட கண்ணாடிக் குழாயில் இந்த நீலக் கரைசலையும் வெளுக்கும் நீரையும் கலந்து, நிறம் மறைவதைக் கவனிப்பார். குறைந்த வெளுக்கும் நீரிலேயே நீலம் மறைந்தால் அது வலிமை மிக்கது. அதிகம் தேவைப்பட்டால் வலிமை குறைந்தது. 1795-இல் வெளியான இந்த முறை, இன்று பள்ளி ஆய்வகத்தில் நாம் செய்யும் பருமனறி பகுப்பாய்வின் முன்னோடிகளுள் ஒன்று. அந்தச் சாயத்துக்கு ஐரோப்பியர் இட்ட 'இண்டிகோ' என்ற பெயரே இந்தியாவைக் குறிப்பது. நம் நாட்டிலிருந்து சென்ற நீலம் அங்கே அளவுகோலாக நின்றது!

குளோரின் நீரை நெடுந்தொலைவு கொண்டுசெல்ல முடியாது என்பது மற்றொரு குறை. கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் டென்னன்ட் 1798-இல் குளோரினைச் சுண்ணாம்புப் பாலில் செலுத்தி வெளுக்கும் நீர் செய்யக் காப்புரிமை பெற்றார். 1799-இல் ஈரச் சுண்ணாம்புக்குப் பதிலாக உலர்ந்த நீற்றுச் சுண்ணாம்பில் வாயுவைச் செலுத்தித் தூளாகவே செய்யும் முறை வந்தது. இதில் அவருடைய கூட்டாளி சார்லஸ் மக்கின்டாஷுக்கும் பங்கு உண்டு. ரப்பர் பூசிய மழைக்கோட்டால் பின்னர்ப் பெயர் பெற்றவர் இவர்தான். இப்படிப் பிறந்ததே நாம் அறிந்த சலவைத்தூள். அதைப் பீப்பாயில் அடைத்து எங்கும் அனுப்ப முடிந்தது. ஆனால் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் ஃபிளானல் துணியை வாயில் பல சுற்றுச் சுற்றிக்கொண்டு நச்சு வாயு நிறைந்த அறைகளில் உழைத்தார்கள். நாம் உடுத்தும் வெண்மைக்கு அவர்கள் கொடுத்த விலையையும் மறந்துவிடக் கூடாது.

ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது?

தொழில் வென்றுவிட்டது. ஆனால் விளக்கம்? அங்கேதான் பெரியவர்களும் இடறினார்கள்.

எல்லா அமிலங்களிலும் ஆக்சிஜன் இருக்கிறது என்பது லவாசியேயின் கொள்கை. 'ஆக்சிஜன்' என்ற பெயருக்கே அமிலத்தைப் பிறப்பிப்பது என்றுதான் பொருள். அதன்படி ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் ஆக்சிஜன் இருக்க வேண்டும். அதிலிருந்து பெற்ற மஞ்சள் பசுமை வாயு, அந்த அமிலம் மேலும் ஆக்சிஜன் ஏற்றதால் உண்டான ஒரு சேர்மம் என்று பெர்தொலே கருதினார். அவரிடம் சான்றும் இருந்தது. இந்த வாயு கரைந்த நீரை அவர் வெயிலில் வைத்தார். குமிழிகள் எழுந்தன, சோதித்தால் அது ஆக்சிஜன்! குப்பியில் எஞ்சியது ஹைட்ரோகுளோரிக் அமிலம். வாயு தன்னிடமிருந்த ஆக்சிஜனை விட்டுவிட்டு மீண்டும் அமிலமாகிவிட்டது. அதே ஆக்சிஜன்தான் துணியையும் வெளுக்கிறது என்று அவர் முடிவு செய்தார்.

எவ்வளவு பொருத்தமான விளக்கம்! ஆயினும் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் குப்பியில் இருந்தவை இரண்டு பொருள்கள்: வாயு ஒன்று, நீர் ஒன்று. நீரிலும் ஆக்சிஜன் உண்டு. வெளிவந்த ஆக்சிஜன் எதிலிருந்து வந்தது? குற்றம் நடந்த வீட்டில் இருவர் இருக்க, ஒருவரை மட்டும் விசாரித்து வழக்கை முடித்தது போல் ஆயிற்று. நீர் எங்கும் இருப்பதால் அதை யாரும் சந்தேகிக்கவில்லை.

ஈரமும் உலர்வும்

25 ஆண்டுகளுக்குப் பிறகு லண்டனில் ஹம்ஃப்ரி டேவி இந்த வழக்கை மீண்டும் எடுத்தார். வாயுவில் ஆக்சிஜன் இருந்தால், வெண்சூட்டில் ஒளிரும் கரி அதைப் பிடித்துக்கொண்டு கார்பன் டைஆக்சைடு ஆக வேண்டும். டேவி கரியை மின்சாரத்தால் சூடேற்றி உலர்ந்த வாயுவில் வைத்தார். கார்பன் டைஆக்சைடு உண்டாகவில்லை. வாயுவைப் பிரிக்கச் செய்த முயற்சி எதுவும் பலிக்கவில்லை. ஆகவே இது சேர்மம் அன்று, தனிமம் என்று 1810-இல் அறிவித்தார். அதன் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு குளோரின் என்று பெயரிட்டார்.

அப்படியானால் துணி வெளுப்பது எப்படி? இதற்கு அவர் செய்த சோதனை மாணவர்கள் மனத்தில் பதிக்கத் தக்கது. லிட்மஸ் தாள் ஒன்றைச் சூடாக்கி, ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு வைத்த கண்ணாடிக் கலத்தில் இட்டு, காற்றையும் வெளியேற்றி, முற்றிலும் உலர வைத்தார். குளோரினையும் அதே உப்பின்மேல் நெடுநேரம் வைத்து உலர்த்தினார். பிறகு உலர்ந்த வாயுவை உலர்ந்த தாளின்மேல் விட்டார். தாள் வெளுக்கவில்லை. இரண்டு நாள் ஆகியும் நிறத்தில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. அதே போன்ற இன்னொரு தாளை, உலர்த்தாத குளோரினில் இட்டார். அது உடனே வெளுத்தது!

தாள் ஒரே வகை, சாயம் ஒன்றே, வாயுவும் ஒன்றே. வேறுபாடு ஈரம் மட்டுமே. விளைவு மாறியது என்றால் காரணமும் ஈரமாகவே இருக்க வேண்டும். மற்றவை அனைத்தையும் மாறாமல் வைத்து, ஒன்றை மட்டும் மாற்றுவது என்ற விதியின் வலிமை இதுதான்.

இன்றைய விளக்கம் இது: குளோரின் நீரோடு வினைபுரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தையும் தருகிறது. நிறப்பொருளின் மூலக்கூறை ஆக்சிஜனேற்றம் செய்து சிதைப்பது இந்த ஹைப்போகுளோரஸ் அமிலமே. அதிலுள்ள ஆக்சிஜன் நீரிலிருந்து வந்தது. ஆக, வெளுப்பதில் ஆக்சிஜனுக்குப் பங்கு உண்டு என்ற பெர்தொலேயின் எண்ணம் வீணாகவில்லை. ஆக்சிஜன் வந்த வழிதான் வேறாக இருந்தது. அவருடைய விளக்கம் தவறியபோதும் அவர் வெளுத்த துணி வெண்மையாகவே இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு முறை பலன் தருகிறது என்பதாலேயே அதற்குச் சொல்லப்படும் விளக்கம் உண்மையாகிவிடாது.

வகுப்பறையில் செய்து பார்க்க

குளோரின் வாயுவை வகுப்பில் தயாரிக்க வேண்டாம், அது நச்சு. கடையில் கிடைக்கும் சலவைத்தூளே போதும். ஆசிரியர் உடன் இருக்க, சன்னல்களைத் திறந்துவைத்து, கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்ய வேண்டும். சலவைத்தூளுடன் எலுமிச்சைச் சாறு, வினிகர், கழிப்பறை கழுவும் திரவம், அம்மோனியா எதுவும் சேரக் கூடாது. சேர்ந்தால் நச்சு வாயுக்கள் எழும்.

ஒரே வெள்ளைப் பருத்தித் துணியிலிருந்து 5 செ.மீ. சதுரமாக 15 துண்டுகள் வெட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே நீல மையில் ஒரே நேரம் தோய்த்து உலர்த்துங்கள். ஒரு தேக்கரண்டி சலவைத்தூளை அரை லிட்டர் நீரில் கலக்கித் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். ஐந்து கண்ணாடிக் குவளைகளில் முறையே 0, 5, 10, 20, 40 மி.லி. தெளிந்த நீரை விட்டு, சாதாரண நீர் சேர்த்து ஒவ்வொன்றையும் 100 மி.லி. ஆக்குங்கள். குவளைக்கு மூன்று துண்டு வீதம் ஒரே நேரத்தில் இடுங்கள்.

வெறும் நீர் உள்ள முதல் குவளை எதற்கு? அதுதான் ஒப்புச் சோதனை. நீரிலேயே மை ஓரளவு கரைந்து போகலாம். அந்த அளவு தெரியாவிட்டால் மற்றக் குவளைகளில் நடந்தது முழுதும் சலவைத்தூளின் வேலை என்று சொல்ல முடியாது. குவளைக்கு மூன்று துண்டு எதற்கு? ஒரு துண்டில் மட்டும் தற்செயலாக மை குறைந்திருக்கலாம். மூன்றும் ஒத்துச் சொன்னால் நம்பலாம்.

தொடங்குமுன் உங்கள் ஊகத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். சலவைத்தூள் நீரை இரு மடங்காக்கினால் வெளுக்கும் நேரம் பாதியாகுமா? முடிவைப் பார்த்தபின் ஊகத்தைத் திருத்தக் கூடாது. 10 நிமிடம் கழித்து எல்லாத் துண்டுகளையும் எடுத்து அலசி, எந்தத் துண்டு எந்தக் குவளையிலிருந்து வந்தது என்று அறியாத ஒரு மாணவரை நிறத்துக்கு மதிப்பெண் இடச் சொல்லுங்கள். நாம் எதிர்பார்ப்பதையே கண் காணும் என்பதால் இந்த ஏற்பாடு.

இன்னொன்றும் செய்யலாம். மூன்று துண்டுகளில் ஒன்றை அலசாமல் அப்படியே குவளையில் ஒரு நாள் விட்டுவையுங்கள். மறுநாள் அலசி உலர்த்தி, அதிலிருந்து ஒரு நூலை உருவி, சிறிய தட்டைத் தொங்கவிட்டு எடைகளை ஒவ்வொன்றாக வைத்து எப்போது அறுகிறது என்று பாருங்கள். குவளைக்குக் குவளை நூலின் வலிமை மாறுகிறதா? மிக வெண்மையான துண்டே மிகச் சிறந்த துண்டு என்று சொல்ல முடியுமா? ஹோம் காலத்துத் தொழிலாளரின் அச்சத்தில் எவ்வளவு நியாயம் இருந்தது என்பதற்கு உங்கள் நூலே விடை சொல்லும்.

இன்று ஆலைகளில் துணி வெளுக்கப் பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு பயன்படுகிறது. சலவைத்தூள் இப்போது குடிநீரில் நோய்க்கிருமி அழிக்கும் வேலையில் நமக்கு நன்கு அறிமுகமானது. பொருள்கள் மாறலாம், கேட்க வேண்டிய கேள்விகள் மாறவில்லை. "இந்தச் சோப்பு மற்றதைவிட வெண்மையாக வெளுக்கும்" என்ற விளம்பரத்தைக் காணும்போது, ஒரே துணியா, ஒரே நீரா, ஒரே நேரமா, வெறும் நீரில் தோய்த்த துண்டு எங்கே என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால், ஐந்து குவளைகளை எடுத்து நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.